தூறும் ஆறுமணிக்குருவியும்

காடு என்ற சொல்லைக் கேட்ட அளவில் நம் உள்ளத்தே தோன்றுவன நெடிய மரங்களே. தேக்கும் சந்தனமும் வேங்கையும் புலவர் நாவிலும் இடம்பெற்றன. வணிகர் கணக்கிலும் இடம்பெற்றன. அம்மரங்களின் அடியில், நிழலிடத்தே, ஆள் உயரத்திற்கு மிகாமல் நெருங்கி வளரும் செடிகொடிகளையும், அவற்றின்கீழ்ப் பரந்து கிடக்கும் சருகையும் குனிந்து நோக்குவார் அரியர். இவ்விரண்டையும் சேர்த்தே ஈண்டுக் கீழ்க்காடு என்று வழங்குகின்றேன். இக்கீழ்க்காடு நம் நாட்டில் எவ்வித ஆரவாரமுமின்றி அழிந்து வருகின்றது. அதனை அழிப்போர் கொடியவரும் அல்லர். துப்புரவை விரும்பும் நல்லவரே. நல்லவர் செய்யும் தீங்கினைத் தடுப்பார் இலராதலின், அதுபற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

நம் முன்னோர் இப்பொருளின் அருமையை அறியாதவர் அல்லர். மரச்செறிவைக் குறிக்கத் தமிழில் ஒரு சொல்லா, இரு சொல்லா? பொழில், சோலை, கா என்பன ஒருபுறம் நிற்க, குறுங்காட்டிற்கு இறும்பு என்றும், செறிந்து இருண்ட மரத்தொகுதிக்குப் பொதும்பர் என்றும், அரணைச் சூழ்ந்த காவற்காட்டிற்கு மிளை என்றும், அடியிலிருந்தே கிளைத்து அடர்ந்த புதருக்குத் தூறு என்றும் பெயரிட்டு வழங்கினர். இத்துணைப் பெயர்கள் வேண்டியதற்குக் காரணம், இத்துணைப் பொருள்களை அவர்கள் கண்டதே. இன்று நாம் இவை அனைத்திற்கும் ஒரே பெயரிட்டுள்ளோம். அப்பெயர் குப்பை என்பதாம். ஒரு பொருளுக்குரிய சொல் வழக்கொழியுங்கால், அப்பொருளைக் காணும் கண்ணும் உடன் மங்குகின்றது.

கீழ்க்காட்டின் வழக்கை எடுத்துரைக்க ஒரு சிறு பறவையைச் சான்றாக அழைக்கின்றேன். ஆறுமணிக்குருவி என்பது அதன் பெயர். தோட்டக்கள்ளன் என்றும் அதனை வழங்குவர். மைனாவினும் சற்றே சிறியது. அலகு முதல் வால் ஈறாக ஏறத்தாழ 7 அங்குல நீளம் உடையது. வால் உண்டோ இல்லையோ என ஐயுறும்படி அது குறுகியிருக்கும். கால்களோ நீண்டு வலியன. முதுகு பசுமை, தோளிலும் வாலடியின் மேற்புறத்தும் ஒளிரும் நீலம், கண்ணின் ஊடே கரிய பட்டை, அதன்மேல் வெண்புருவம், தொண்டை வெண்மை, மார்பு மங்கிய மஞ்சள், வாலடியின் கீழ்ப்புறம் செம்மை. வடநாட்டார் இதனை நவரங்க் என்பர். ஒன்பது வண்ணம் உடையது என்பது அதன் பொருள்.

இத்துணை வண்ணங்களை அணிந்திருந்தும் இதனைக் கண்டவர் சிலரே, கேட்டவர் பலர். காலையில் கதிர் எழும் வேளையிலும், மாலையில் கதிர் சாயும் வேளையிலும், ஏறக்குறைய ஆறு மணி அளவில், ஈரசையாக உரத்துச் சீழ்க்கை அடிப்பது இதன் இயல்பு. கடிகாரம் நம் ஊர்களில் வந்து வழங்கிய பின்னரே பிறந்திருக்கக்கூடிய இப்பெயர், நம் மக்கள் இப்பறவையைக் கண்ணாலன்றிக் காதாலேயே அறிந்தனர் என்பதைக் காட்டுகின்றது. இலங்கையிலே இதுபற்றி ஒரு கதை வழங்குகின்றது. மயிலின் தோகை முன்னர் இக்குருவிக்கே உரியதாக இருந்ததாம். இது நீராடிக்கொண்டிருந்தபோது மயில் அவ்வாடையைக் கவர்ந்து சென்றதாம். அன்று முதல் இது இழந்த ஆடையைக் கேட்டுக் காடெங்கும் கூவித் திரிகின்றதாம். கதை கட்டியவர் நுண்ணறிவினர் என்பதில் ஐயமில்லை. ஆனால் இன்று இக்குருவி இழந்துவருவது ஆடையை அன்று, வீட்டை.

இதன் வாழ்க்கை முறையைச் சிறிது ஆராய்வோம். இது நிழலின்கீழ் நிலத்தில் தத்தித் தத்திச் செல்லும். அலகினால் சருகை ஒவ்வொன்றாகப் புரட்டும். அடியிலுள்ள புழு, வண்டு, கறையான், எறும்பு, மண்புழு ஆகியவற்றைக் கவ்வி உண்ணும். பழமும் தானியமும் இதற்கு உணவாவன அல்ல. ஆகவே இதன் உணவுக் களஞ்சியம் சருகே. சருகு ஈரமாக இருந்தாலன்றிப் புழு மேலே இராது. நிழல் இருந்தாலன்றிச் சருகு ஈரமாக இராது. தூறு இருந்தாலன்றி நிலத்திற்கு நிழல் முழுமையாகக் கிட்டாது. உயர்ந்த மரத்தின் நிழல் காற்றோடும் கதிரோடும் நகர்வது. தூற்றின் நிழல் நிலத்தோடு ஒட்டி நிற்பது. தூற்றை வெட்டிச் சருகைப் பெருக்கித் தீ மூட்டினால், மரம் அங்கேயே நிற்கக் காண்போம். ஆயின் மண் உலரும். புழு ஆழத்தே மறையும். குருவி பசித்துப் போகும். வெளித்தோற்றத்தில் ஒன்றும் கெடவில்லை. உள்ளே எல்லாம் கெட்டது.

இக்குருவி நம் நாட்டில் ஆண்டு முழுதும் தங்குவதன்று என்பதையும் அறிதல் வேண்டும். தென்மேற்குப் பருவமழை பெய்யும் காலத்தில் இது மத்திய இந்தியக் காடுகளிலும் இமயத்தின் அடிவாரத்திலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றது. மழை ஓய்ந்து அந்நிலம் உலரத் தொடங்கியதும் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றது. புரட்டாசி, ஐப்பசித் திங்கள்களில் தமிழகத்தையும், பின்னர் இலங்கையையும் அடைகின்றது. அப்பொழுதே நமக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்குகின்றது. ஆகவே இதனை இருமழைக்கும் உரிய புள் எனலாம். ஈரமான சருகு எங்குண்டோ அங்கே அது செல்கின்றது. இமயத்தின் அடியிலிருந்து வருவன ஆயிரம் மைலுக்கு மேலும் பறக்க வேண்டும். அதுவும் இரவிலேயே பறக்கின்றன. வழியில் களைத்து, விளக்கொளியில் மயங்கி, நகரத்து வீடுகளினுள்ளும் கட்டடங்களினுள்ளும் வந்து வீழும் குருவிகளைப் பற்றிச் சென்னை முதலிய இடங்களில் பலமுறை செய்தி வந்துள்ளது. சித்திரை வரை நம்மிடம் தங்கிப் பின் வடக்கே மீளும்.

ஆயிரம் மைல் வானத்தைக் கடக்க வல்ல இச்சிற்றுயிர், இறங்கும் இடத்தில் நம்மிடம் வேண்டுவது யாது? பெருங்காடு அன்று, மாளிகை அன்று, தானியம் அன்று. சில முழம் தூறும், அதனடியில் பெருக்கப்படாத சருகுமே. அதனை நாம் தர மறுப்போமாயின், அது கடந்துவந்த ஆயிரம் மைலும் வீணே.

தமிழ் பயில்வோர்க்கு இன்பம் தரும் செய்தி ஒன்றையும் ஈண்டுக் கூறுதல் தகும். சுவீடன் நாட்டு இயற்கை நூலறிஞர் லின்னேயஸ் 1766-ஆம் ஆண்டில் இப்பறவைக்கு அறிவியற் பெயர் சூட்டியபோது, இதனைக் காக்கையினத்துள் வைத்தார். பின்னர் 1816-இல் பிரெஞ்சு அறிஞர் வியேயோ இதற்கெனத் தனியினம் வகுத்துப் பிட்டா எனப் பெயரிட்டார். அப்பெயர் தெலுங்கிலே சிறுபறவையைக் குறிக்கும் பிட்ட என்னும் சொல்லே ஆகும். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழும் நாற்பதுக்கு மேற்பட்ட பறவை வகைகளைக் கொண்ட குடும்பம் முழுமையும் இன்று உலகெங்கும் இந்தத் திராவிடச் சொல்லாலேயே அழைக்கப்படுகின்றது. நீலகிரி முதலிய உயர்மலைச் சோலைகளின் கீழ்க்காட்டில் பூச்சி தின்று வாழும் மற்றொரு சிறுபறவையினத்திற்கு 2017-இல் ஆராய்ச்சியாளர் ஷோலிகோலா என்று பெயரிட்டனர். சோலை என்னும் நம் சொல்லையும், வாழ்வது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லையும் இணைத்து அமைத்த பெயர் அது. கீழ்க்காட்டுப் பறவைகளுக்குப் பெயர் கொடுத்தது நம் மொழிக்குடும்பம். பெயர் கொடுத்தவர் இடம் கொடுக்கவும் கடமைப்பட்டவர் அல்லரோ?

பிட்டாக் குடும்பத்தில் பெரும்பாலன தென்கிழக்காசியத் தீவுகளிலும் மலேயா முதலிய நாடுகளிலும் உள்ள மழைக்காடுகளின் இருளில் வாழ்வன. நம் ஆறுமணிக்குருவி அவற்றினின்றும் பிரிந்து, உலர்ந்த இலையுதிர் காட்டிலும், குறுங்காட்டிலும், ஊர்த்தோப்பிலும் வாழக் கற்ற உறவு எனலாம். அதன் உறவினரும், அவரைப் போலவே மழைக்காட்டின் அடியில் பூச்சி தின்னும் பிற பறவைகளும் படும் பாட்டை அறிஞர் பல நாடுகளில் ஆராய்ந்துள்ளனர். பனாமாக் கால்வாய் வெட்டிய காலத்தில் ஆற்றை அணையிட்டதனால் காட்டு மலையொன்று நீர் சூழ்ந்த தீவாயிற்று. அத்தீவின் கீழ்க்காட்டுப் பறவைகள் பல, ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கே இல்லாதொழிந்தன. கரையிலிருந்து ஏன் மீண்டும் வந்து குடியேறவில்லை என்று ஆராயப் புகுந்தோர், அத்தகைய பறவைகளைப் படகில் ஏற்றிச் சென்று நீரின்மேல் பறக்கவிட்டுப் பார்த்தனர். சில வகைகள் 100 மீட்டர் நீரையும் கடக்க இயலாமல் வீழ்ந்தன. இவ்வாராய்ச்சி 2008-இல் வெளியாயிற்று. நிழலை விட்டு வெளிவந்து பழகாத உயிருக்குச் சிறிய வெளியும் பெருங்கடலே.

பிரேசில் நாட்டு மனௌஸ் நகரின் அருகே 1979 முதல் நடந்துவரும் ஆராய்ச்சியும் இதனையே கூறுகின்றது. பெருங்காட்டைத் துண்டாக்கினால், அத்துண்டுகளிலிருந்து முதலில் மறையும் உயிர்களுள் நிலத்தில் பூச்சி தேடும் சிறுபறவைகள் முன்நிற்கின்றன. அம்மட்டோ! கோடரியே படாத காட்டிலும் இவை முன்பிருந்ததினும் அருகிவிட்டன என 2020-இல் அவ்வாராய்ச்சியாளர் அறிவித்தனர். ஆகவே உலகில் எங்கு நோக்கினும் முதலில் நொடிந்துபோவன கீழ்க்காட்டின் குடிகளே. நம் குருவி அவற்றைப் போல வெளியை அஞ்சுவதன்று என்பது உண்மை. ஆயிரம் மைல் பறக்கும் சிறகு அதற்கு உண்டு. எனினும் இறங்கிய பின்னர் அதன் தேவையும் அவற்றின் தேவையும் ஒன்றே.

இனி, யான் பிறந்த பெரம்பலூர்ச் சீமையை நோக்குவோம். பருத்தியும் சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மேட்டுநிலம் எங்களது. மேற்கே பச்சைமலை நிற்கின்றது. பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி, சேலம் ஆகிய மூன்று மாவட்டங்களும் அதனைப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. அம்மலையின் அடியிலும், ஓடைக்கரைகளிலும், ஊர்த்தெய்வங்களின் கோயிற்காடுகளிலுமே இன்று எங்கள் பக்கத்துத் தூறுகள் எஞ்சியுள்ளன. முன்னர் ஒவ்வொரு கொல்லைக்கும் உயிர்வேலி இருந்தது. கிளுவையை நட்டு, அதனிடையே காரையும் சூரையும் சங்கஞ்செடியும் தாமே முளைக்க, பிரண்டையும் ஆதொண்டையும் மேலே படர, அது மாட்டைத் தடுக்கும் வேலியாகவும் சிறுபறவைக்கு வழியாகவும் விளங்கிற்று. ஒரு தோப்பிலிருந்து மற்றொரு தோப்பிற்கு வெயில் படாமல் செல்லும் சாலை அது. இன்று அவ்விடத்தில் கல்தூணும் முட்கம்பியும் நிற்கின்றன. எங்கள் பாட்டனார் கொல்லையிலும் அவ்வாறே ஆயிற்று. கம்பிவேலி இடத்தை மிகுத்துத் தருகின்றது, நிழலைத் தருவதில்லை.

எங்கள் சீமையார் பழம்பொருளைப் போற்றாதவர் என்றோ, பறவையைப் போற்றாதவர் என்றோ யான் கூறவில்லை. சாத்தனூரில் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் வீழ்ந்து கல்லாய்ச் சமைந்த அடிமரம் ஒன்று உண்டு. 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள அதனை 1940-இல் நிலவியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் உலகறியச் செய்தார். அதற்கு அரசு வேலியிட்டுக் காவல் செய்கின்றது, அது தக்கதே. அண்டையிலுள்ள அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 1999-இல் பறவைகள் காப்பிடமாக்கப்பட்டது. 2024-இல் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளைக் காண அங்கே மக்கள் திரள்கின்றனர்; அதுவும் தக்கதே. ஆயின் ஏரியில் கூட்டமாக இறங்கும் வாத்தைக் காண்பது எளிது. புதரடியில் தனித்து ஒடுங்கும் குருவியைக் காண்பது அரிது. காணப்படும் விருந்தினர்க்கு வரவேற்பும், காணப்படாத விருந்தினர்க்குத் தீயும் என்பது விருந்தோம்பலுக்குப் பெயர்பெற்ற நாட்டிற்கு அழகாமோ? கல்லாகிப்போன மரத்திற்கு வேலி கட்டிய நாம், உயிரோடுள்ள தூற்றிற்கு ஒரு மூலையேனும் விடலாகாதோ?

இதற்கு மறுப்புரைப்பார் உளர். அவர் கூற்றுகளையும் நேர்மையோடு ஆராய்வோம்.

மரம் நடுவிழாக்கள் ஆண்டுதோறும் நடக்கின்றனவே, அவை போதாவோ என்பர் சிலர். போதா என்பதே என் விடை. வரிசையாகக் குழி வெட்டி, ஒரே வகைக் கன்றுகளை நட்டு, அவற்றினடியில் முளைப்பவற்றையெல்லாம் களைந்து வைத்திருக்கும் இடம் தோப்பாகலாம், காடாகாது. கூரையும் தூணும் இருந்து தரை இல்லாத வீட்டில் யார் குடியிருப்பர்? மேலும், நடுவதற்குப் பொருட்செலவு உண்டு. நீர் ஊற்றும் உழைப்பு உண்டு. தூற்றைக் காப்பதற்கோ வெட்டாதிருத்தல் ஒன்றே போதும்.

புதர் என்றால் பாம்பும் கொசுவும் அன்றோ என்பர் வேறு சிலர். இவ்வச்சம் புறக்கணிக்கத் தக்கதன்று. எனினும் கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில், உடைந்த பானையிலும், கழித்தெறிந்த தேங்காய்த் தொட்டியிலும், மூடாத தொட்டியிலும் அது பெருகுகின்றது, உலர்சருகில் அன்று. பாம்பு பெரும்பாலும் எலியைத் தொடர்ந்து வருவது. எலியோ நாம் எறியும் சோற்றைத் தொடர்ந்து வருவது. ஆகவே துப்புரவு தொடங்க வேண்டிய இடம் சமையற்கூடத்தின் பின்புறம். நடைபாதையின் இருமருங்கும் சில அடி அகலத்திற்குத் தூற்றைக் கழித்துவிட்டு, விளக்கிட்டு, அதற்கப்பால் அதனை அதன் போக்கில் விடுதல் அறிவுடையோர் செயலாகும்.

சீமைக்கருவேலும் உண்ணிச்செடியும் கெடுதி அல்லவோ என்பார்க்கு, ஆம் என்றே கூறுவேன். அயல்நாட்டினின்றும் வந்து நம் செடிகளை நெருக்கும் அவற்றை அகற்றுதல் வேண்டும். ஆனால் எவ்வாறு அகற்றுவது? ஜே.சி.பி. எனப்படும் மண்வாரி இயந்திரம் சீமைக்கருவேலையும் காரையையும் வேறுபிரித்து அறியாது. ஒரே வாரலில் இரண்டையும் வேரோடு எடுத்துவிடும். அறிந்த ஆட்கள் கையால் களையும் வேலை இது. சிறிது காலம் செல்லும். ஆயினும் களை போகும், பயிர் நிற்கும்.

இறுதியாக, ஆறுமணிக்குருவி அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாகப் பட்டியலிடப்படவில்லையே, பின் ஏன் இத்துணைக் கவலை என்பர். நோய் முற்றிய பின்னரே மருந்து தேடுவேன் என்பவனை நாம் அறிவுடையான் என்போமா? ஓர் இனம் பலவாக இருக்கும்போது அதனைக் காக்கச் செலவு சிறிது. சிலவாக எஞ்சும்போது காக்கச் செலவு பெரிது. ஒன்றுமில்லாத போது எப்பொருளும் உதவாது. சட்டத்தின் துணையும் இதற்கு முற்றும் போதாது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் குருவியைப் பிடிப்பவனைத் தண்டிக்கும்; அதன் வீட்டைப் பெருக்கித் தீயிடும் துப்புரவாளனைத் தண்டிப்பதற்கு எச்சட்டமும் எட்டாது. அவனிடம் சொல்லத்தக்கது அறிவுரை ஒன்றே.

அவ்வறிவுரையை நம்மிடமிருந்தே தொடங்குதல் முறை. நம் கல்லூரி வளாகத்தின் வடமேற்கு மூலையிலே, பழைய மதிலை ஒட்டி, வேம்பும் நாவலும் நிற்க, அவற்றினடியில் நொச்சியும் காரையும் கொடிகளும் பின்னிக் கிடக்கும் தூறு ஒன்று இருப்பதை அனைவரும் அறிவர். வருகின்ற கோடை விடுமுறையில் அதனை வெட்டித் தரைமட்டமாக்கி, இருசக்கர வண்டிகள் நிறுத்துமிடம் ஆக்கவேண்டும் என்னும் கருத்து மாணவரிடையே பேசப்பட்டு வருகின்றது. வண்டிக்கு நிழல் வேண்டும் என்பது நியாயமான வேண்டுகோளே. ஆயின் தூற்றை வெட்டிய பின் அங்கே நிழல் எங்ஙனம் கிடைக்கும்? தகரக் கூரை போட வேண்டிவரும். தகரக் கூரைக்கு அம்மூலைதான் வேண்டும் என்பதில்லை. விளையாட்டு மைதானத்தின் தென்புறத்தே வெறும் கட்டாந்தரை நிறைய உண்டு.

ஆகவே யான் முன்வைக்கும் வேண்டுகோள்கள் மூன்று. முதலாவது, அம்மூலையை அவ்வாறே விட்டுவைக்கக் கல்லூரித் தலைவர்களும் மாணவர் பேரவையும் முடிவு செய்தல் வேண்டும். இரண்டாவது, அதனுள் வீழும் சருகைப் பெருக்கவோ எரிக்கவோ கூடாது. வளாகத்தின் பிற இடங்களில் பெருக்கிய சருகையும் எரிப்பதை விடுத்து அங்கேயே கொண்டு சேர்த்தல் வேண்டும். மூன்றாவது, விலங்கியல், தாவரவியல் மாணவரும் தமிழ் மாணவரும் கூடி, அங்குள்ள செடி ஒவ்வொன்றின் பெயரையும், அங்கு வரும் பறவையின் பெயரையும், அது வரும் நாளையும் போகும் நாளையும் ஓர் ஏட்டில் ஆண்டுதோறும் எழுதி வைத்தல் வேண்டும். அவ்வேடு பத்தாண்டு நிறைந்தால் அதுவே ஓர் ஆராய்ச்சி நூலாகும். இறும்பும் தூறும் அகராதியினின்றும் மீண்டு மாணவர் நாவில் வழங்கும்.

பழைய மாணவராகிய பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். தங்களுள் நிலமுடையோர் பலர் இருப்பர். பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்துவோரும் இருப்பர். கம்பிவேலியின் உட்புறமாக ஒரு வரிசை கிளுவை நட இடமிருக்குமாயின் நடுக. கோயிற்காடும் கல்லறைத் தோட்டமும் தங்கள் பொறுப்பில் இருக்குமாயின், அவற்றின் ஓரத்தே ஒரு துண்டு நிலத்தைக் கத்தி படாது விடுக. இதற்கு நன்கொடை வேண்டுவதில்லை, வெட்டுங்கூலி மிச்சமாகும்.

சித்திரையில் வடக்கே மீளும் குருவிகள் ஐப்பசியில் மீண்டும் வரும். அதற்கு முன்னதாகவே கோடை விடுமுறை வரும். விடுமுறையில் அரிவாளும் வரும். அரிவாள் வருமுன் முடிவு செய்தல் நம் கடன்.